உறையில் அச்சான கணக்கு

1978-ன் கடைசியில் லண்டனில் ஏழு அங்குல இசைத்தட்டு ஒன்று விற்பனைக்கு வந்தது. உறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஜெராக்ஸ் எடுத்து மடித்த தாள்தான். தட்டின் நடுவே இருந்த வெள்ளை லேபிளில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தார்கள். குழுவின் பெயர் ஸ்க்ரிட்டி பொலிட்டி. பாட்டின் பெயர் 'ஸ்கேங்க் பிளாக் பொலோன்யா'. லேபிள் செயின்ட் பேங்க்ரஸ், அதாவது அவர்களே வைத்துக்கொண்ட பெயர். உறையைத் திருப்பினால் மளிகைக் கடைச் சிட்டை மாதிரி ஒரு செலவுக் கணக்கு.

பாட்டுப் பதிவு: கேம்பிரிட்ஜ் விக்டோரியா தெரு ஸ்டுடியோவில் 14 மணி நேரம், மாஸ்டர் டேப்பும் சேர்த்து 98 பவுண்டு. டேப்பிலிருந்து லாக்கர் தட்டு வெட்டியதற்கு 40 பவுண்டு. அந்த லாக்கருக்கு மின்முலாம் பூச 27 பவுண்டு. தெற்கு லண்டன் மிட்சமில் இருந்த பை நிறுவனத்தின் ஆலையில் 2,500 பிரதிகள் அச்சிட 369 பவுண்டு 36 பென்ஸ். ரப்பர் ஸ்டாம்புக்கு 8 பவுண்டு. எந்த வேலையை எங்கே போய் முடிப்பது என்பதற்கு விலாசங்களும் இருந்தன.

கூட்டிப் பார்த்தால் 542 பவுண்டு 36 பென்ஸ். ஒரு தட்டுக்கு 22 பென்ஸுக்கும் குறைவு. அன்றைக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஈஎம்ஐ நிறுவனம் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவோடு 40,000 பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டு, மூன்றே மாதத்தில் கழற்றிவிட்டது. சிபிஎஸ் நிறுவனம் கிளாஷ் குழுவுக்குக் கொடுத்தது ஒரு லட்சம் பவுண்டு என்று பேச்சு. இசைத்தட்டு வெளியிடுவது பெரிய முதலாளிகளின் வேலை என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அந்த வேலைக்கு உண்மையில் என்ன செலவாகும் என்பதை ஒரு ஜெராக்ஸ் தாள் போட்டு உடைத்துவிட்டது.

போஸ்ட்-பங்க் என்று பிற்பாடு பெயர் பெற்ற அந்த அலையில் இதைவிட நல்ல பாட்டுகள் உண்டு. இதைவிட அதிகம் விற்றவையும் உண்டு. ஆனால் சுயேச்சை லேபிள் என்ற கனவின் பலம், பலவீனம் இரண்டையும் ஒரே தாளில் காட்டுவது இந்தத் தட்டுதான் என்று நினைக்கிறேன். அந்தத் தாளில் எழுதிய வரிகளைப் போலவே எழுதாமல் விட்ட வரிகளும் முக்கியம். அவற்றைப் பற்றிப் பிற்பாடு சொல்கிறேன்.

லீட்ஸிலிருந்து கேம்டனுக்கு

குழுவின் பாடகர் கிரீன் கார்ட்சைட், வேல்ஸ் நாட்டுக்காரர், 1955-ல் கார்டிஃபில் பிறந்தவர். பள்ளியில் படிக்கும்போதே நண்பர் நயல் ஜிங்க்ஸோடு சேர்ந்து இளம் கம்யூனிஸ்ட் கழகத்தின் கிளை ஒன்றைத் தொடங்கியவர். பிறகு லீட்ஸ் பாலிடெக்னிக்கில் ஓவியக் கலை படிக்கப் போனார். அங்கே படமாகத் தீட்டியதைவிட, கலை எதற்கு, யாருக்கு என்று எழுதியதும் வாதாடியதும்தான் அதிகம். லீட்ஸ் அப்போது அப்படிப்பட்ட ஊர். கேங் ஆஃப் ஃபோர், மீகான்ஸ், டெல்டா 5 என்று அதே ஊரின் பல்கலைக்கழக மாணவர் கூட்டத்திலிருந்து கிளம்பிய குழுக்கள் எல்லாமே கிட்டார் ஒரு கையில், மார்க்சியம் ஒரு கையில் என்று அலைந்தவை.

1976 டிசம்பர் 6-ம் தேதி செக்ஸ் பிஸ்டல்ஸ், கிளாஷ், டாம்ன்ட், ஹார்ட்பிரேக்கர்ஸ் நான்கும் சேர்ந்து போன 'அனார்க்கி' சுற்றுப்பயணம் லீட்ஸ் பாலிடெக்னிக்குக்கு வந்தது. செக்ஸ் பிஸ்டல்ஸ் தொலைக்காட்சியில் கெட்ட வார்த்தை பேசிய விவகாரத்தால் ஊர் ஊராக நிகழ்ச்சிகள் ரத்தாகிக்கொண்டிருந்த பயணம் அது. நடந்த சில நிகழ்ச்சிகளில் லீட்ஸும் ஒன்று. அன்று பார்வையாளர் கூட்டத்தில் கார்ட்சைட் இருந்தார். அதன்பின் நடந்ததைக் கேட்டால் எந்தப் பெற்றோருக்கும் வயிறு கலங்கும். சக மாணவர் டாம் மார்லி படிப்பு உதவித்தொகையில் மிச்சமிருந்த பணத்தைப் போட்டு டிரம்ஸ் வாங்கினார். ஜிங்க்ஸ் பேஸ் கிட்டாரைக் கையிலெடுத்தார், வாசிக்கத் தெரியாமலே. மூவரும் லண்டனின் கேம்டன் பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள்.

குழுவின் பெயரே அவர்கள் யார் என்று சொல்லிவிடும். இத்தாலியக் கம்யூனிஸ்ட் அந்தோனியோ கிராம்ஷியின் 'அரசியல் எழுத்துகள்' தொகுப்பின் இத்தாலியத் தலைப்பை எடுத்து, பழைய ராக் அண்ட் ரோல் பாட்டு மாதிரி ஒலிக்க வேண்டும் என்று எழுத்தைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டார்கள். முசோலினியின் சிறையில் பத்தாண்டுக்கு மேல் கிடந்து 1937-ல் இறந்த ஒருவரின் பெயரில் டான்ஸ் ஆடும் ஆசை. இந்தக் குழுவை எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணமே அந்தக் குறும்புதான்.

மூன்று உறைகள், ஒரே பாடம்

செலவுக் கணக்கை அச்சிடும் யோசனை திடீரென்று முளைத்ததல்ல. அதற்கு முன்னே இரண்டு தட்டுகள் உண்டு.

முதலாவது மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரி 29-ல் வெளியிட்ட 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்'. நண்பர்களிடமும் வீட்டாரிடமும் 500 பவுண்டு கடன் வாங்கி, 1976 டிசம்பர் 28-ல் ஒரே நாளில் பதிவு செய்தது. 'நியூ ஹார்மோன்ஸ்' என்று தாங்களே ஒரு லேபிள் பெயர் சூட்டிக்கொண்டார்கள். முதலில் அடித்தது 1,000 பிரதிகள். போகப்போக 16,000 வரை விற்றதாகச் சொல்வார்கள். அதன் உறையில் ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது, பிற்பாடு என்னென்ன சேர்க்கப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். அடுப்படிக் கதவைத் திறந்து வைத்த முதல் உறை அது.

இரண்டாவது லண்டனின் டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ். இவர்கள் இன்னும் விசித்திரமானவர்கள். மற்ற குழுக்கள் வாசிக்கப் பழகி, மேடையேறி, பிறகு தட்டு போடுவார்கள். இவர்கள் தட்டு போடுவதற்காகவே 1977-ல் குழு ஆரம்பித்தார்கள். செலவை மிச்சம் பிடிக்க இரண்டு பாட்டையும் ஒரே பக்கத்தில் அடக்கி, அதையே மறுபக்கத்திலும் அச்சடித்தார்கள். 500 பிரதிகளுக்கு ஆன மொத்தச் செலவு 153 பவுண்டு. அது நான்கே மாதத்தில் விற்றுத் தீர்ந்து லாபமும் கொடுத்தது. அந்த லாபத்தில் அடுத்த தட்டு வந்தது. அதன் உறையில் இந்தக் கணக்கைச் சொல்லி, நீங்களும் போடுங்கள் என்று கேட்பவர்களை விரட்டாத குறையாக விரட்டினார்கள்.

ஸ்க்ரிட்டி பொலிட்டி செய்தது, அந்தக் கணக்கை வரி வரியாகப் பிரித்துப் போட்டது. மொத்தத் தொகையைச் சொன்னால் தைரியம் வரும். எந்தத் தெருவில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று சொன்னால்தான் வேலை நடக்கும்.

ஒரு தட்டு உருவாகும் விதம்

அந்தக் கணக்கில் 'லாக்கர்', 'மின்முலாம்' என்று வருவதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். இதில்தான் பெரிய நிறுவனங்களின் மாயம் அத்தனையும் ஒளிந்திருந்தது.

ஸ்டுடியோவில் கிடைப்பது காந்த நாடா. அதை வெட்டுக்கூடத்துக்குக் கொண்டுபோனால், அலுமினியத் தகட்டின் மேல் வழவழப்பான அரக்கு மாதிரி ஒரு பூச்சுப் பூசிய வட்டு சுழன்றுகொண்டிருக்கும். அதுதான் லாக்கர். டேப் ஓட ஓட, சூடேற்றிய ஊசி ஒன்று ஒலிக்கு ஏற்ப அதிர்ந்தபடி அந்தப் பூச்சில் சுருள் பள்ளம் கிழித்துக்கொண்டே உள்நோக்கி நகரும். பேஸ் சத்தம் மிஞ்சிப்போனால் பள்ளம் அகலமாகிப் பக்கத்துப் பள்ளத்தில் போய் முட்டும். அதிக நேரப் பாட்டு என்றால் இடம் போதாமல் சத்தத்தைக் குறைக்க வேண்டிவரும். ஆகவே வெட்டுபவரின் காதுக்கும் கைக்கும் கொடுக்கும் கூலிதான் அந்த 40 பவுண்டு.

லாக்கர் மிருதுவானது, அதை வைத்து நேரே அச்சடிக்க முடியாது. அதன் மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு ஏற்றி, மின்தொட்டியில் இறக்கி, நிக்கலைப் படிய வைக்கிறார்கள். பிறகு உரித்தெடுத்தால் பள்ளமெல்லாம் மேடாக மாறிய உலோக அச்சு கிடைக்கும். அது 27 பவுண்டு. அதற்குப் பின் அழுத்து இயந்திரம். மேலும் கீழும் இரண்டு உலோக அச்சு, நடுவே நீராவிச் சூட்டில் இளகிய பிளாஸ்டிக் கட்டி. ஒரே அழுத்து, அரை நிமிடத்துக்குள் தட்டு தயார். நடுவிலுள்ள காகித லேபிள் பசை போட்டு ஒட்டப்படுவதில்லை. அதே அழுத்தத்தில் பிளாஸ்டிக்கோடு ஒன்றிவிடுகிறது.

லேபிளில் வண்ணத்தில் எழுத்தும் படமும் வேண்டுமென்றால் அதற்குத் தனிச் செலவு. வெற்று வெள்ளை லேபிள் அச்சுக் கூலியிலேயே சேர்த்தி. அதனால்தான் அந்த 8 பவுண்டு ஸ்டாம்ப். பக்கத்துக்கு ஒன்று என்று வைத்தால் 2,500 தட்டுக்கு 5,000 குத்து. மை காய்வதற்குள் ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினால் அப்பிக்கொள்ளும். வேலையை அறிந்தவர்கள் அந்த அறையின் தரை எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். பை நிறுவனம் அறுபதுகளில் கிங்க்ஸ் குழுவையும் பெட்டுலா கிளார்க்கையும் வைத்து வாழ்ந்த பெரிய நிறுவனம். அதன் ஆலை காசு கொடுத்தால் யாருக்கும் தட்டு அடித்துக் கொடுத்தது. முதலாளியின் இயந்திரத்தைக் கைப்பற்றப் புரட்சி தேவைப்படவில்லை, 369 பவுண்டு 36 பென்ஸ் போதுமானதாக இருந்தது. மூலதனத்தைப் பற்றி இரவு முழுக்க விவாதித்த அந்தப் பையன்களுக்கு இந்த வேடிக்கை புரியாமலா இருந்திருக்கும்?

ஆறு நிமிடப் பாட்டு

பாட்டுக்கு வருவோம். பங்க் என்றாலே இரண்டு நிமிட ஓட்டம் என்றிருந்தபோது இது ஏறக்குறைய ஆறு நிமிடம் நடக்கிறது. ஓடுவதில்லை, நடக்கிறது. கிட்டார் ரெக்கே இசையின் பாணியில் தாளத்தின் இடைவெளியில் வெட்டி வெட்டி விழுகிறது. பேஸ் கிட்டார் பின்னணியில் இருந்து தாங்குவதற்குப் பதில் முன்னால் வந்து மெட்டுச் சொல்கிறது. டிரம்ஸ் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்து திடீரென்று தடுக்கி விழுவதுபோல் நின்று, பிறகு எழுகிறது. வாசிக்கத் தெரியாததால் விழுந்த தடுக்கலா, வேண்டுமென்றே வைத்த தடுக்கலா என்று கேட்பவர்களால் சட்டென்று சொல்ல முடியாது. இந்த இசையின் உயிரே அந்தச் சந்தேகத்தில்தான் இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் மேலே கார்ட்சைட்டின் குரல். பங்க் குரல்கள் கத்தும், துப்பும். இது மெல்லிய, உயர்ந்த, ஏறக்குறைய இனிப்பான குரல். நாட்டுப்புறப் பாட்டு பாடும் ஒருவர் தவறான அறைக்குள் நுழைந்துவிட்ட மாதிரி. பாட்டில் ஒரு பெண் வருகிறாள். கடை, பொழுதுபோக்கு, தெரு என்று மிதந்தபடி போகிறாள். இந்த வாழ்க்கை வேறு மாதிரி இருக்க முடியும் என்ற எண்ணமே அவளுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. அவளைத் திட்டாமல், அவளுக்கு உபதேசமும் செய்யாமல், அந்த எட்டாமை எங்கிருந்து வருகிறது என்று பாட்டு சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறது.

தலைப்பிலுள்ள பொலோன்யா, கம்யூனிஸ்ட் கட்சி நகராட்சியை ஆண்ட இத்தாலிய ஊர். 1977 மார்ச் 11-ல் அங்கே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பிரான்செஸ்கோ லோருஸ்ஸோ என்ற மாணவர் இறந்தார். ஊர் பற்றி எரிந்தது, தெருவில் கவச வண்டிகள் வந்தன. மறுநாள் மாணவர்களின் 'ரேடியோ ஆலிச்சே' வானொலி ஒலிபரப்பிக்கொண்டிருக்கும்போதே போலீஸ் உள்ளே புகுந்து அதை மூடியது. இடதுசாரிகள் ஆளும் ஊரிலேயே இளைஞர்கள் இடதுசாரிக் கட்சிக்கு எதிராகக் கிளம்பியது ஐரோப்பா முழுக்க இருந்த இந்த வயதுக்காரர்களை உலுக்கிவிட்டது. கேம்டன் பையன்கள் அந்த ஊர்ப் பெயரை ரெக்கே ஆட்டத்தோடும் கிராம்ஷியின் சமூகக் கூட்டணிக் கருத்தோடும் கோத்துத் தலைப்பாக்கினார்கள்.

அதே தட்டிலுள்ள மூன்றாவது பாட்டின் பெயர் ஒரு தேதி: 28/8/78. அன்று நாட்டிங் ஹில் கார்னிவலின் முடிவில் இளைஞர்களுக்கும் போலீசுக்கும் நடந்த மோதலைப் பற்றிய செய்திக் குரலை எடுத்து, அதன் அடியில் வாசித்திருக்கிறார்கள். பாட்டு என்று சொல்ல முடியாது. நாளிதழை வெட்டி ஒட்டுவது போன்ற வேலை. அந்த உத்தி இன்று பழசாகத் தெரியலாம், ஆனால் அவ்வளவு சூட்டோடு செய்தியைத் தட்டில் ஏற்ற முடிந்ததற்குக் காரணம், யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியிராததுதான்.

எழுதாத வரிகள்

இப்போது கணக்கில் இல்லாததைப் பார்ப்போம்.

வாடகை. கேம்டன் கரோல் தெரு 1-ம் எண் வீட்டில் இவர்கள் இருந்தார்கள். பூட்டிக் கிடந்த வீட்டில் புகுந்து குடியேறி, வாடகை கொடுக்காமல் வாழ்வது. எழுபதுகளின் லண்டனில் இடிப்பதற்காகக் காலி செய்த வீடுகளும் நகராட்சி மறந்துபோன வீடுகளும் தெருத் தெருவாகக் கிடந்தன. ஆயிரக்கணக்கானோர் அப்படிக் குடியேறியிருந்தார்கள். குடியிருப்பு வீட்டில் இப்படிப் புகுந்து தங்குவது இங்கிலாந்தில் கிரிமினல் குற்றமானதே 2012-ல்தான். கரோல் தெரு வீட்டின் கதவு எப்போதும் திறந்தே இருந்ததாகச் சொல்வார்கள். வாசித்த மூன்று பேர், மேலாளர் மேத்யூ கே, எதையும் வாசிக்காமல் விவாதத்தில் மட்டும் கலந்துகொண்ட இன்னும் பலர் என்று எல்லாருமே குழு உறுப்பினர்களாகக் கருதப்பட்டார்கள்.

சாப்பாடு. கலைக் கல்லூரிப் படிப்புக்குக் கட்டணம் கிடையாது, மேலே அரசு உதவித்தொகையும் உண்டு. படிப்பு முடிந்தால் வேலையில்லாதோருக்கான வாராந்திரத் தொகை. அந்தத் தொகையை நம்பித்தான் பிரிட்டனின் பாதி ராக் குழுக்கள் அப்போது ஒத்திகை பார்த்தன. மார்லியின் டிரம்ஸே அரசுப் பணத்தில் வாங்கியது என்று முன்பே பார்த்தோம்.

விநியோகம். 2,500 தட்டை அடித்துவிடலாம். வீட்டில் அடுக்கி வைத்து என்ன செய்வது? அங்கேதான் ரஃப் டிரேட் வருகிறது. ஜெஃப் டிராவிஸ் 1976 பிப்ரவரியில் மேற்கு லண்டன் கென்சிங்டன் பார்க் சாலையில் ஆரம்பித்த கடை. வேலை செய்யும் எல்லாருக்கும் ஒரே சம்பளம். சிறு குழுக்களின் தட்டுகளை மொத்தமாக எடுத்து, நாடெங்கும் தன்னைப் போன்ற கடைகளுக்கு அனுப்பியது. 1978-ல் தானும் ஒரு லேபிளானது. ஒப்பந்தம் பெரும்பாலும் வாய்ப்பேச்சு: செலவு போக மிஞ்சுவதில் ஆளுக்குப் பாதி.

விளம்பரம். அதைச் செய்தது பிபிசி. ரேடியோ 1-ல் இரவு 10 மணிக்கு மேல் ஜான் பீல் என்ற ஒற்றை மனிதர், தபாலில் வரும் தட்டுகளை எல்லாம் கேட்டு, மற்றவர்கள் தொடாததை ஒலிபரப்பிக்கொண்டிருந்தார். அவர் போட்டால் மறுநாள் கடையில் கேட்டு வருவார்கள். ஸ்க்ரிட்டி பொலிட்டியை அழைத்துத் தன் நிகழ்ச்சிக்காகத் தனிப் பதிவும் செய்தார், பொதுப்பணத்தில் இசைக் கலைஞர் கூலியோடு. அந்தப் பதிவுகளில் ஒன்று 1979-ல் அவர்களுடைய இன்னொரு தட்டாகவே வந்தது.

ஆக, 542 பவுண்டுக்குப் பின்னால் ஒரு நலவாழ்வு அரசே நின்றுகொண்டிருந்தது. இதைச் சொல்வதால் அந்தப் பையன்கள் செய்த வேலை சிறுத்துவிடாது. ஆனால் 'யாரும் செய்யலாம், சுலபம்தான்' என்ற சுயேச்சை இசையின் வேதவாக்கைப் பலரும் இன்றுவரை தனிமனிதத் துணிச்சலின் கதையாகவே சொல்கிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. துணிச்சல் எல்லாக் காலத்திலும் இருக்கிறது. வாடகையில்லா வீடும், கேள்வி கேட்காத உதவித்தொகையும், விளம்பரதாரர் இல்லாத வானொலியும் எல்லாக் காலத்திலும் இருப்பதில்லை.

தட்டு வெளியாகி ஆறு மாதம் போல ஆனதும், 1979 மே 3-ல் மார்கரெட் தாட்சர் தேர்தலில் வென்றார். அடுத்த பத்தாண்டில் உதவித்தொகைக் கதவுகள் ஒவ்வொன்றாக இறுகின. 1988-ல் பதினாறு, பதினேழு வயதுக்காரர்களில் பெரும்பாலோருக்கு அது இல்லாமலே போனது. இதில் ஒரு முரண் உண்டு. வேலையில்லாதவர்கள் சொந்தத் தொழில் தொடங்கினால் வாரம் 40 பவுண்டு என்று தாட்சர் அரசு கொண்டுவந்த திட்டத்தில் சேர்ந்து பிழைத்தவர்களில் ஆலன் மெக்கீயும் ஒருவர். பிற்காலத்தில் ஒயாசிஸ் குழுவை வெளியிட்ட கிரியேஷன் லேபிள் அவருடையது. பிரிட்டனில் சுயேச்சை இசை எந்த அரசு வந்தாலும் அதன் பாக்கெட்டில் கை வைக்கத் தவறியதில்லை.

உடைந்த பிறகு

கணக்கில் எழுதாத இன்னொரு செலவு உடம்பு. கரோல் தெரு வாழ்க்கையில் தூக்கமும் கிடையாது, ஒழுங்கான சாப்பாடும் கிடையாது. ஒவ்வொரு ராகத்துக்கும் அரசியல் நியாயம் தேட வேண்டும். இந்தத் தட்டு எந்தக் கருத்தைச் சுமக்கிறது, இந்தத் தாளம் யாருடையது, மேடையில் நிற்பதே அதிகாரம் ஆகாதா என்று முடிவில்லாத விவாதம். மேடையேறவே கார்ட்சைட்டுக்கு நடுக்கம். 1980 தொடக்கத்தில் பிரைட்டனில் கேங் ஆஃப் ஃபோர் குழுவோடு வாசித்த நிகழ்ச்சிக்குப் பின் அவர் சுருண்டு விழுந்தார். மாரடைப்பு என்று பயந்தார்கள், கடைசியில் அது பதற்ற நோயின் தாக்குதல். வேல்ஸில் பெற்றோர் ஏற்பாடு செய்த வீட்டில் மாதக்கணக்கில் ஓய்வு.

அங்கே அவர் கேட்டது அமெரிக்கக் கறுப்பினப் பாப், சோல் இசை; படித்தது தெரிதாவின் தத்துவம். பிறகு, நாம் ஏன் பாப் பாட்டு எழுத வேண்டும் என்று நண்பர்களைச் சம்மதிக்க வைக்க நீண்ட ஆவணம் ஒன்றை எழுதினார். பாப் பாட்டு எழுதக்கூட அறிக்கை எழுதிய ஒரே பாடகர் இவராகத்தான் இருப்பார். அடுத்து வந்த 'ஸ்வீட்டஸ்ட் கேர்ள்' பாட்டில் ராபர்ட் வயட் கீபோர்டு வாசித்தார். தேன் மாதிரிப் பாட்டு, உள்ளே சந்தேகம் நிறைந்த வரிகள். அது தனித் தட்டாக வந்தது 1981-ல். ஜிங்க்ஸ் விலகினார், பிறகு மார்லியும். 1982-ல் ரஃப் டிரேட் வெளியிட்ட முதல் ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் 12-ம் இடம் வரை போனது.

அது போதவில்லை. கார்ட்சைட் வர்ஜின் நிறுவனத்துக்குப் போனார், நியூயார்க்கில் அரீஃப் மார்டின் தயாரிப்பில், ஊரின் முதல் தரக் கூலிக் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தார். 1985-ல் வந்த 'க்யூபிட் அண்ட் சைக்கி 85' ஆல்பம் கண்ணாடித் துண்டுகளை அடுக்கியது போல மின்னும். அதிலிருந்து 'பெர்ஃபெக்ட் வே' அமெரிக்கப் பட்டியலில் 11-ம் இடம் பிடித்தது. மறு ஆண்டு மைல்ஸ் டேவிஸ் அதைத் தன் 'டுட்டு' ஆல்பத்தில் வாசித்தார். 'க்யூபிட் அண்ட் சைக்கி 85' உறையில் செலவுக் கணக்கு எதுவும் இல்லை, போட்டிருந்தால் தாள் போதியிருக்காது.

துரோகம் என்று அப்போது ஒரு சாரார் பல்லைக் கடித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த முதல் தட்டின் இனிப்புக் குரலில் பாப் அப்போதே ஒளிந்திருந்தது. கிராம்ஷியை ஒழுங்காகப் படித்தவர்கள் எந்தக் கட்டத்திலும் வெகுமக்கள் ரசனையை ஒதுக்கிவிட முடியாது. ஆதிக்கம் வேலை செய்யும் இடமே அதுதானே. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1978 தட்டு, கேட்டவர்களை இன்னொரு தட்டு போடத் தூண்டியது. 1985 தட்டு, கேட்டவர்களை வாயைப் பிளந்து கேட்க மட்டும் வைத்தது.

தன் ஆரம்பகாலத் தட்டுகளை மறுபடி வெளியிட கார்ட்சைட் நெடுங்காலம் சம்மதிக்கவே இல்லை. 2005-ல்தான் 'எர்லி' என்ற தொகுப்பாக அவை ரஃப் டிரேட்டில் வந்தன. கேட்க விரும்புகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். முதல் முறை கேட்டால் பிடிபடாது, பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து இரண்டாம் முறை கேளுங்கள், வழி கிடைக்கும். 2006-ல், இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் மேடைப் பக்கமே போகாத கார்ட்சைட், பிரிக்ஸ்டனிலுள்ள ஒரு சின்ன பப்பில் பொய்ப் பெயரில் ஏறிப் பாடினார். 'வைட் பிரெட் பிளாக் பியர்' என்ற ஆல்பத்தைத் தன் வீட்டிலேயே, ஏறக்குறைய தனியாகவே பதிவு செய்து முடித்தார். அது 2006-ன் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அதை வெளியிட்ட ரஃப் டிரேட், 1991-ல் அதன் விநியோகப் பிரிவு திவாலாகி எல்லாம் சிதறிய பின் புதுப் பங்குதாரர்களோடு மறுபடி எழுந்த லேபிள்.

பரிசை வென்றது ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் முதல் ஆல்பம். முதல் வாரத்திலேயே மூன்று லட்சத்துக்கு மேல் விற்ற ஆல்பம் அது. வெளியிட்ட டொமினோவும் சுயேச்சை லேபிள்தான்.